தண்ணீரில் கேட்ட மூன்று கேள்விகள்: ஆதி திருச்சபை விசுவாசத்தைக் கற்றுக்கொடுத்த விதம்

சின்ன வயதில் சண்டே கிளாஸில் விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் ஒப்பித்ததற்காக எனக்கு ஒரு பென்சில் பாக்ஸ் பரிசாகக் கிடைத்தது. அதில் வரும் பொந்தியு பிலாத்து யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், ஏதோ ஒரு சீடர் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒப்பிப்பதுதான் போட்டி. புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்லூரி நாட்களில் அதே வரிகளை மறுபடி பார்த்தபோது ஒரு சட்டப் புத்தகத்தின் பிரிவுகள் மாதிரி தெரிந்தது. ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும், ஒன்றில் தடுக்கினால் மொத்தமும் போச்சு.

ஆதி சபையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நாம் அப்போஸ்தலர் பிரமாணம் என்று சொல்வது ஒரு கமிட்டி உட்கார்ந்து எழுதிய பட்டியல் கிடையாது. ரோம் சபையில் ஞானஸ்நானத்தின்போது தண்ணீரில் நிற்கிறவரிடம் கேட்ட மூன்று கேள்விகளிலிருந்து அது வளர்ந்தது என்பதுதான் சபை வரலாற்று ஆய்வாளர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கும் கருத்து. பிதாவைப் பற்றி ஒரு கேள்வி, குமாரனைப் பற்றி ஒரு கேள்வி, பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் "நம்புகிறேன்" என்று பதில். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முழுக்கு.

அந்த மூன்று கேள்விகளுக்கு முன்னால் பல இடங்களில் இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு இருந்தது. கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வாரம் இருந்தது, அதுதான் இன்னும் விசித்திரம். இந்தக் கட்டுரை அந்தக் காத்திருப்பையும் அந்த ஒரு வாரத்தையும் பற்றியது.

கேட்பவர்கள்

ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தவர்களைக் கிரேக்கத்தில் "கட்டேக்கூமெனோய்" என்றார்கள். காதில் ஒலிக்கும்படி சொல்லிக்கொடுக்கப்படுகிறவர்கள் என்று பொருள் கொள்ளலாம். லத்தீனில் இன்னும் நேரடியாக "கேட்பவர்கள்" என்றும் சொல்வதுண்டு. நமக்கு இது புரிவது கஷ்டமில்லை. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களுக்கு அடுத்து 42-ஆவதாக வருவது "கேள்வி". அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, காதால் கேட்டுச் சேர்த்த அறிவு. புத்தகம் என்பது கையால் எழுதிய விலை உயர்ந்த பொருளாகவும், வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவாகவும் இருந்த காலத்தில் வேறு வழியும் இல்லை.

இவர்களை எப்படிச் சேர்த்தார்கள் என்று விவரமாகச் சொல்லும் பழைய நூல் "அப்போஸ்தலப் பாரம்பரியம்" என்று அழைக்கப்படுவது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் ஹிப்போலித்து எழுதினார் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். இப்போது பல ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கிரேக்க மூலம் பெரும்பாலும் தொலைந்துவிட்டது. லத்தீன், காப்டிக், அரபி, எத்தியோப்பிய மொழிபெயர்ப்புகளை வைத்துத்தான் படிக்கிறோம், அதிலும் வெவ்வேறு காலத்து அடுக்குகள் கலந்திருக்கின்றன. அதனால் "200-களில் எல்லா ஊரிலும் இப்படித்தான் நடந்தது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீங்க. ஆனால் ஒரு சபை எதை முக்கியமாக நினைத்தது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் குறைவு.

புதிதாக ஒருவர் வசனம் கேட்க வந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களை முதலில் விசாரிக்கிறார்கள். இவர் எப்படிப்பட்டவர்? கல்யாணம் ஆனவரா? அடிமையா, சுதந்திரமானவரா? என்ன தொழில் செய்கிறார்? "எதை நம்புகிறாய்" என்ற கேள்வி இந்த இடத்தில் வரவே இல்லை. நான் முதல் தடவை வாசித்தபோது ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தொழில் பட்டியல் நீளமானது. விபச்சார விடுதி நடத்துகிறவர் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இடமில்லை. கிளாடியேட்டர், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், ரத ஓட்டப் போட்டிக்காரர், நாடக நடிகர் எல்லோருக்கும் அதே விதி. சிற்பியும் ஓவியரும் தொழிலை விட வேண்டியதில்லை, விக்கிரகம் மட்டும் செய்யக்கூடாது. படைவீரன் கொல்லச் சொன்னால் கொல்லக்கூடாது, சத்தியப்பிரமாணமும் எடுக்கக்கூடாது. ஏற்கெனவே கேட்பவராக இருக்கும் ஒருவர் படையில் சேர விரும்பினால் அவரை அனுப்பிவிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்கு உலகக் கல்வி சொல்லிக்கொடுப்பவர் அதை விட்டுவிடுவது நல்லது, ஆனால் அவருக்கு வேறு தொழில் தெரியாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறது நூல். வாத்தியார் என்ன தப்பு செய்தார் என்று தோன்றும். அன்றைய பாடத்திட்டமே ஹோமரும் தேவர்களின் கதைகளும்தான். அதைச் சொல்லிக்கொடுக்காமல் வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? இவ்வளவு கறாரான நூலில் இந்த ஒரு இடத்தில் யாரோ பெருமூச்சு விட்டுவிட்டு விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது.

பிடிக்காத இடமும் இருக்கிறது. வந்தவர் அடிமை, அவருடைய எஜமான் விசுவாசி என்றால், எஜமான் அனுமதித்து நற்சாட்சி சொன்னால்தான் அவர் கேட்கலாம். சாட்சி சொல்லாவிட்டால் வெளியே. ஒரு மனிதன் கடவுளைப் பற்றிக் கேட்பதற்கு அவனைச் சொந்தம் கொண்டாடுகிறவனின் கையெழுத்து வேண்டுமாம். ஆதி சபை என்றாலே பொற்காலம் என்று பேசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிப் பேசும்போது இந்த வரியையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

உள்ளே வந்தவர்கள் மூன்று வருடம் கேட்க வேண்டும். உடனே இன்னொரு வரி வருகிறது: ஒருவர் ஆர்வமும் விடாமுயற்சியும் உள்ளவராக இருந்தால் காலத்தைப் பார்க்க வேண்டாம், நடத்தையைப் பார்த்தால் போதும். சுமார் 305-இல் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம் இரண்டு வருடம் என்றது. ஊருக்கு ஊர் கணக்கு மாறியிருக்கிறது. கடைசியில் ஞானஸ்நானத்துக்குத் தேர்வு செய்யும்போது விசாரிப்பதும் நடத்தையைத்தான். விதவைகளை மதித்தாரா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? கூட்டி வந்தவர்கள் "ஆமாம்" என்று சாட்சி சொன்ன பிறகுதான் சுவிசேஷத்தைக் கேட்கட்டும் என்கிறது நூல். அதுவரை கேட்டதெல்லாம் முன்னுரை மாதிரி!

இந்த வரிசை இதைவிடப் பழையது. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோத்தெயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்க சபைக் குரு 1056-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் "திதகே" என்ற சிறுநூலைக் கண்டுபிடித்து, 1883-இல் வெளியிட்டார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். அதன் முதல் ஆறு அதிகாரங்கள் ஜீவ வழி, மரண வழி என்ற இரண்டு வழிகளைப் பற்றியவை. கொடு, திருடாதே, பொய் சொல்லாதே, சிசுவைக் கொல்லாதே என்று வாழ்க்கைப் பாடங்கள். ஏழாவது அதிகாரம், இதையெல்லாம் சொன்ன பிறகு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆரம்பிக்கிறது. ஓடும் தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், எதுவும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு தாராளம். வாழ்க்கை விஷயத்தில் அப்படித் தாராளம் காட்டவில்லை.

ஏன் இவ்வளவு நாள்?

காரணத்தைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். சுமார் 112-இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் என்று காட்டிக்கொடுக்கப்பட்டவர்களில் சிலர் "முன்பு இருந்தோம், இப்போது இல்லை" என்று சொன்னதாக எழுதுகிறார். சிலர் இருபது வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டார்களாம். பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டுப் போய்விட்டார்கள். 250-இல் பேரரசர் தேசியுஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது கூட்டம் கூட்டமாக விசுவாசிகள் போய் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தின் மணலில் பாப்பிரஸ் துண்டுகளாக இன்றும் கிடைத்திருக்கின்றன. ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது என்றால், என்றாவது ஒருநாள் அப்படி ஒரு மேஜைக்கு முன்னால் நிற்கப்போகிறவரைத் தயார் செய்வது. "புரிஞ்சுது, ஒத்துக்கிறேன்" என்பது அங்கே தாக்குப்பிடிக்காது.

அந்த மேஜைக்கு முன்னால் நின்ற ஒரு கேட்பவளின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 203-இல், இன்றைய துனிசியாவில் இருக்கும் கார்த்தேஜில், விபியா பெர்பெத்துவா என்ற சுமார் 22 வயதுப் பெண் கைது செய்யப்பட்டாள். நல்ல குடும்பம், படித்தவள், கையில் பால்குடிக் குழந்தை. அவளுடன் பிடிபட்டவர்களில் பெலிசித்தா என்ற கர்ப்பிணி அடிமைப் பெண்ணும் இருந்தாள். அவர்களும் ஞானஸ்நானம் பெறாத, கேட்பவர்கள்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சத்தூருஸ் பிடிபடும்போது அங்கே இல்லை. பிறகு தானாகவே போய்ச் சரணடைந்தார். மாணவர்கள் சிறைக்குப் போய்விட்டார்கள், வாத்தியார் வெளியே எப்படி இருப்பார்? அவர் பாடம் எப்படி நடத்தினார் என்று எந்தக் குறிப்பும் நமக்கு இல்லை, ஆனால் அவர் நடத்திய கடைசிப் பாடம் இது.

பெர்பெத்துவா சிறையில் எழுதிய நாட்குறிப்பு அந்தத் தியாகிகளின் வரலாற்றுக்குள் அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அப்பா வந்து கெஞ்சுகிறார். அவள் பக்கத்தில் இருக்கும் ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதற்கு இதன் பெயரைத் தவிர வேறு பெயர் உண்டா என்று கேட்கிறாள். நானும் அப்படித்தான் என்கிறாள். அந்த நாட்களில்தான், காவலில் இருக்கும்போதே, அவளுக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. பிறகு ஒரு கனவு. வானத்தைத் தொடும் ஒரு ஏணி, மேலே ஒரு தோட்டம், நரைத்த மேய்ப்பன் ஒருவர் ஆட்டுப்பால் கறந்துகொண்டிருக்கிறார். பாலின் திரட்டில் ஒரு வாய் கொடுக்கிறார். கை குவித்து வாங்கிச் சாப்பிடுகிறாள், சுற்றி நிற்பவர்கள் ஆமென் என்கிறார்கள். விழித்தபோதும் வாயில் ஏதோ இனிப்பு இருந்ததாக எழுதுகிறாள்.

இந்தக் கனவுக்குப் பின்னணி இருக்கிறது. அதே கார்த்தேஜில் அதே காலத்தில் எழுதிய தெர்த்துல்லியன், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பாலும் தேனும் கலந்து சுவைக்கக் கொடுப்பார்கள் என்று சொல்கிறார். அப்போஸ்தலப் பாரம்பரியத்திலும் அந்தக் கிண்ணம் வருகிறது. வாக்குத்தத்த தேசத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டாளோ தெரியாது. பயந்த ராத்திரியில் அவளுக்குத் திரும்பி வந்தது நாக்கில் பட்ட ருசி.

பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக நடந்த மிருகக் காட்சியில், மார்ச் 7 அன்று, பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் சத்தூருஸும் கொல்லப்பட்டார்கள். பெலிசித்தாவுக்குச் சிறையிலேயே எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

எருசலேமில் ஏழு வாரம்

நான்காம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழ். துன்புறுத்தல் நின்றது, பேரரசரே ஆதரவு, கூட்டம் குவிந்தது. அந்தக் கூட்டத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு எகேரியா என்ற பெண் யாத்திரிகர் நமக்குச் சாட்சி. 381-384 வாக்கில் மேற்குக் கோடியிலிருந்து எருசலேமுக்கு வந்து, ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் முன்பகுதியும் கடைசிப் பகுதியும் இல்லாத பிரதி 1884-இல் இத்தாலியின் அரெஸ்ஸோவில் கிடைத்தது.

லெந்து காலத் தொடக்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஆயர் முன் வருகிறார்கள். ஆயர் அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறார்: இவர் நல்லபடி நடக்கிறாரா, பெற்றோரை மதிக்கிறாரா, குடிகாரரா? குறை இருந்தால், போய்த் திருந்தி வா என்று அனுப்பிவிடுவார். வெளியூர்க்காரர், தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் பாடு கஷ்டம்தான் என்கிறார் எகேரியா. பிறகு ஏழு வாரம், தினமும் காலையில் மூன்று மணி நேரம் பாடம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வேதம் முழுவதும், முதலில் நேர்ப் பொருள், பிறகு ஆவிக்குரிய பொருள். ஐந்து வாரம் முடிந்த பிறகுதான் விசுவாசப் பிரமாணம் கொடுக்கப்படும்.

ஆயருக்குச் சிரியாக் தெரிந்தாலும் கிரேக்கத்தில்தான் பேசுவார். பக்கத்தில் ஒரு குரு நின்று சிரியாக்கில் மொழிபெயர்ப்பார். இரண்டும் தெரியாத லத்தீன்காரர்களுக்கு, தெரிந்தவர்கள் பக்கத்திலிருந்து விளக்குவார்கள். நம்ம ஊர் கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்று வரிக்கு வரி மொழிபெயர்ப்பாரே, அதே காட்சி.

எகேரியாவுக்குச் சுமார் முப்பது வருடத்துக்கு முன்னால் அதே எருசலேமில் சிரில் பேசிய பாடங்கள் எழுத்தில் கிடைக்கின்றன. முன்னுரையில் அவர் கேட்பவர்களைப் பார்த்துச் சொல்வது வெளிப்படையாக இருக்கும். உங்களில் சிலர் ஒரு பெண்ணுக்குப் பின்னால் வந்திருப்பீர்கள், அடிமை எஜமானுக்குப் பிரியமாக, நண்பன் நண்பனுக்காக வந்திருப்பான். பரவாயில்லை, தூண்டில் இரையாக இருக்கட்டும், மீன் வலைக்குள் வந்துவிட்டது என்கிறார். பிரமாணத்தைக் காகிதத்தில் எழுதக்கூடாது, மனதில் எழுதிக்கொள் என்றும் சொல்கிறார். அது உள்ளே குடியிருக்க வேண்டியது.

அப்போ நான் மனப்பாடம் செய்ததும் அதேதானே என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. இவர்களுக்கு அந்த வரிகள் கிடைத்தபோது, ஆதியாகமத்திலிருந்து முழுக் கதையையும் கேட்டு முடித்திருந்தார்கள். பிலாத்து யார் என்று தெரியாமல் அங்கே யாரும் ஒப்பித்திருக்க முடியாது. மேலும் கல்வாரி என்று கருதப்பட்ட இடத்திலேயே கட்டிய ஆலயத்தில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

இனி அந்த விசித்திரமான வாரம். ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானமும் நற்கருணையும் முடிகிறது. அவை இரண்டும் என்ன, ஏன், எதற்கு என்று அதுவரை விளக்கவில்லை! அடுத்த எட்டு நாட்கள், கல்லறை ஆலயத்தின் கதவுகளை மூடிவிட்டு, அப்போதுதான் ஆயர் விளக்குகிறார். உள்ளே கைதட்டும் ஆரவாரமும் வெளியே வரை கேட்கும் என்கிறார் எகேரியா. மிலானில் அம்புரோசும் இதையேதான் செய்தார். லெந்து காலத்தில் முற்பிதாக்களின் வாழ்க்கையும் நீதிமொழிகளும். ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான் அதன் பொருள். எதிர்பாராமல் வருகிறவர்களுக்குள் அந்த வெளிச்சம் நன்றாக இறங்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

எனக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை. எதற்குச் சம்மதிக்கிறேன் என்று முழுதாகத் தெரியாமல் ஒருவர் தண்ணீரில் இறங்குவது நியாயமா? மருத்துவமனையில்கூட ஆபரேஷனுக்கு முன்னால் விளக்கிவிட்டுத்தானே கையெழுத்து வாங்குகிறார்கள். சிரில் இதற்கும் மருத்துவ உதாரணம்தான் தருகிறார்: நோயாளி திராட்சரசம் கேட்கிறான், நேரமில்லாத நேரத்தில் கொடுத்தால் அவனுக்கும் கேடு, வைத்தியனுக்கும் கெட்ட பெயர். இதில் குருமாரின் அதிகாரம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் தெரிகிறது. கடலையே பார்க்காதவருக்கு உப்புக்காற்றைப் பற்றி மூன்று மணி நேரம் பேசலாம். ஒருதரம் அலையில் நின்றுவிட்டு வந்தவரிடம் பேசினால், அவர் தலையாட்டும் விதமே வேறாக இருக்கும். அந்தக் கைதட்டல் அப்படிப்பட்டது என்று நினைக்கிறேன். பட்டதற்கு விளக்கம் கிடைத்த சந்தோஷம்.

போரடித்துப்போன ஒரு உபதேசியார்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் பெரிய ஆயர் யாரும் இல்லை. கார்த்தேஜில் தேயோகிராசியாஸ் என்ற ஒரு உதவிக்குரு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. சுமார் 400-இல் அவர் அகுஸ்தீனுக்கு எழுதுகிறார்: எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது தெரியவில்லை, என் பேச்சு எனக்கே அலுத்துப்போகிறது. வகுப்பு எடுத்த எவருக்கும் இந்த வலி தெரியும்.

அகுஸ்தீன் ஒரு சிறுநூலையே பதிலாக எழுதினார். என் பேச்சும் எனக்கு அனேகமாகப் பிடிப்பதில்லை என்று ஆரம்பிக்கிறார். மனதில் மின்னல் மாதிரி வந்துபோவதை நாக்கு பிடிக்க முடியவில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு நீ நினைப்பதைவிட அதிகம் கிடைக்கிறது என்கிறார். முதலில் ஏன் வந்தாய் என்று கேள். படைப்பிலிருந்து இன்றைய சபை வரை ஒரே கதையாகச் சொல், முக்கியமான இடங்களில் மட்டும் நின்று பேசு. படித்தவர் வந்தால் அவருக்குத் தெரிந்ததையே சொல்லி அறுக்காதே. இலக்கணம் படித்தவருக்கு, சபையில் யாராவது தப்பு உச்சரிப்போடு ஜெபித்தால் சிரிக்கக்கூடாது என்று சொல்லிவை. கேட்பவர் நின்று நின்று களைத்தால் ஒரு நாற்காலி கொடு, முதலிலிருந்தே உட்கார வைத்துவிட்டால் இன்னும் நல்லது. எவ்வளவு சொல்லியும் புரியாதவரா? அவரிடம் கடவுளைப் பற்றிப் பேசுவதைவிட, கடவுளிடம் அவரைப் பற்றி அதிகமாகப் பேசு.

அலுப்புக்கு அவர் சொன்ன மருந்து அழகானது. நமக்குப் பழகிப்போன நம்ம ஊரை, புதிதாக வந்த நண்பருக்குச் சுற்றிக்காட்டும்போது, அவர் வியப்பதைப் பார்த்து நமக்கும் அது புதுசாகிவிடுகிறதல்லவா, அப்படி என்கிறார். நான்காம் நூற்றாண்டின் பிரமாண்டமான அமைப்புகளுக்கு நடுவில், ஒரு களைத்த வாத்தியார், ஒரு புதியவர், ஒரு நாற்காலி. கற்பது என்பது பெரும்பாலும் இந்த அளவில்தான் நடந்திருக்கும்.

அகுஸ்தீனே இந்தப் பாதையில் மெதுவாக நடந்தவர். குழந்தையிலேயே கேட்பவராகப் பதிவு செய்யப்பட்டவர், 387 ஈஸ்டர் இரவில், 32 வயதில், மிலானில் அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்றார். அந்த எண்கோண ஞானஸ்நானத் தொட்டியின் இடிபாடுகளை மிலான் பேராலயத்தின் முற்றத்துக்குக் கீழே இன்றும் பார்க்கலாம்.

வரிசை மாறிய கதை

இந்த ஏற்பாடு ஏன் கலைந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு பாவம் செய்தால் கடுமையான தண்டனை என்பதால் பலர் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைனே 337-இல் சாகும் தறுவாயில்தான் பெற்றார். நேற்று வந்தவரை உடனே ஆயராக்கக்கூடாது என்று 325-இல் நிசேயா சங்கம் விதி போட்டது. 374-இல் மிலான் மக்கள் ஞானஸ்நானமே பெறாத ஆளுநர் அம்புரோசை ஆயராகத் தேர்ந்தெடுத்தார்கள், சில நாட்களுக்குள் ஞானஸ்நானமும் அபிஷேகமும் முடிந்தது. கற்பதற்கு முன்பே கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன் என்று அவரே பிறகு எழுதினார். குழந்தை ஞானஸ்நானம் முன்பும் இருந்தது (அப்போஸ்தலப் பாரம்பரியத்தில் பேச முடியாத குழந்தைக்குப் பெற்றோர் பதில் சொல்கிறார்கள்), போகப்போக அதுவே வழக்கமானது. பிறந்தவுடன் தண்ணீர் என்றால் மூன்று வருடக் கேள்வியை எங்கே வைப்பது? கத்தோலிக்க சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1963-இல் முடிவெடுத்து, 1972-இல் வெளியிட்ட புதிய சடங்கு முறையில் பெரியவர்களுக்கு இந்தப் படிநிலைகளைத் திரும்பக் கொண்டுவந்தது.

அந்த நீண்ட இடைவெளியின் நடுவில் நம்ம கடற்கரை வருகிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்களில் பெரும்பாலானோர் 1530-களின் பிற்பகுதியில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு வேண்டி மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். தண்ணீர் முதலில், பாடம் பிறகு. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தை மொழிபெயர்த்து, மணி அடித்துக் கூட்டம் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவர் விவரிப்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி நிறுத்தி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பாராம். ஜனங்கள் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, உரத்த குரலில் நம்புகிறோம் என்பார்களாம். தண்ணீரில் கேட்ட பழைய கேள்விகள் கரையேறி, மணலில் கேட்கப்படுகின்றன.

ஆனால் அந்த ஜனங்கள் தமிழில் உண்மையில் என்ன சொன்னார்கள்? அதே 1544-இல் தன் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சில்லாசுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்கிறார். பிரமாணத்தில் "எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதை மாற்றி இனி "விசுவாசம்" என்ற சொல்லைப் போடுங்கள். வேணும் என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தமாம். மொழிபெயர்த்தவர்கள் செய்த தவறு, கண்டுபிடித்ததும் திருத்திவிட்டார்.

அதுவரை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடற்கரையில் அந்தக் கேள்விக்கு "வேணும்" என்று பதில் வந்ததோ. மூன்று வருடம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய ஆட்களிடம் கேட்டிருந்தால், அவர்களும் அந்த நேரத்தில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.